தாழ்ந்து எரிந்த இடது விளக்கு

வில்பட்டியில் எங்கள் வீடு ரோட்டுக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கிறது. அடுப்படி ஜன்னலைத் திறந்தால் டவுனிலிருந்து இறங்கி வரும் ரோட்டின் வளைவுகள் ஒன்றின்கீழ் ஒன்றாகத் தெரியும். குளிருக்குப் பயந்து பகலில் அதை மூடியே வைத்திருப்பேன். இருட்டத் தொடங்கியதும் திறந்துவிடுவேன். என் வீட்டுக்காரர் டூரிஸ்ட் கார் ஓட்டிக்கொண்டிருந்தார், சொந்தக் கார். டிரைவரின் பெண்டாட்டிகள் எல்லோரும் ஜன்னலில் நிற்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரியின் புருஷனும் டிரைவர்தான். அவள் சீரியல் பார்ப்பாள், சிரிப்பாள், நேரத்துக்குத் தூங்குவாள். எனக்கு அது வாய்க்கவில்லை.

சின்ன வயதிலேயே நான் அப்படித்தான். ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்குப் போகும் பாதையில் ஒரு நாள் காலையில் காட்டெருமை நின்றது. அது என்னை ஒன்றும் செய்யவில்லை. பார்த்தது, மூச்சுவிட்டது, புதருக்குள் போய்விட்டது. நான் வீட்டுக்குத் திரும்பி வந்து காய்ச்சல் என்று படுத்தேன். நிஜமாகவே காய்ச்சல் வந்தது. அது போன பிறகும் நான் அந்தப் பாதையில் போகவில்லை, போகச் சொல்லி வீட்டில் யாரும் வற்புறுத்தவும் இல்லை. பூண்டுக் காட்டில் களையெடுக்க ஆள் தேவைப்பட்டது. என் படிப்பு முடிந்தது.

ஆனால் ஜன்னலில் நின்று நான் ஒரு படிப்புப் படித்தேன். கார் விளக்குகளைப் பற்றிய படிப்பு.

பழைய வண்டிகளில் இருப்பது ஹாலஜன். மஞ்சளாக எரியும். பல்புக்குப் பின்னால் வெள்ளிக் கிண்ணம் மாதிரி ஒன்று இருக்கும், வெளிச்சத்தை வாங்கி முன்னால் கொட்டுவது அதுதான். ரோட்டில் விழும் வெளிச்சத்துக்கு ஓரம் என்று ஒன்று தெரியாது, தண்ணீர் ஊற்றிய மாதிரி பரவிக் கிடக்கும். பிறகு வந்தது புரொஜெக்டர். அதில் முன்னால் ஒரு முட்டைக் கண்ணாடி. வெளிச்சத்தின் மேல் ஓரம் கத்தியால் வெட்டியது போல நேராக நிற்கும், எதிரே வருகிறவன் கண்ணுக்கு ஏறாது. செனான் என்று ஒரு வகை உண்டு. போட்டவுடன் நீலம் பாய்ந்து மங்கலாக இருக்கும், கொஞ்சம் பொறுத்துத்தான் முழுசாக எரியும். பங்களாக்காரர்கள் சிலரிடம் இருந்தது. இப்போது எல்லாம் எல்.இ.டி. போட்ட நொடியில் டியூப் லைட் வெள்ளை. அதோடு புதுக் கார்களில் பகலிலும் எரிகிற ஒரு கோடு. அதை அணைக்க முடியாது, இஞ்சின் ஓடும்வரை எரியும்.

எங்கள் வண்டி ஹாலஜன். அதிலும் இடது விளக்கு கொஞ்சம் தாழ்ந்து எரியும். ஒரு சாயங்காலம் ரோட்டோரம் நின்ற காட்டெருமை திரும்பும்போது வண்டியை உரசிவிட்டுப் போனதில் அந்தப் பக்கம் உள்ளே ஏதோ நழுவிவிட்டது. சரிசெய்யச் சொன்னதற்கு, "ரோடு தெரியுதுல்ல, பெறகு என்ன" என்றார். பிறகு நானே சொல்வதை விட்டுவிட்டேன். ஏனென்றால் அந்த விளக்கு எனக்கு உதவியது. மேல் வளைவில் இரண்டு மஞ்சள் வெளிச்சம், ஒன்று நேராக, ஒன்று தலைகுனிந்து வந்தால் அது எங்கள் வண்டி. உடனே ரசத்தை அடுப்பில் ஏற்றுவேன். அவர் படியேறி வரும்போது கொதித்திருக்கும்.

"நான் வர்றது ஒனக்கு எப்படித் தெரியும்" என்று கேட்டார் ஒரு நாள். சொன்னேன்.

"அடிப்பாவி, மத்தவன் பொண்டாட்டி போன் போட்டுத் தொந்தரவு பண்றா. நீ லைட்டைப் பாத்தே வேவு பாக்குறியா? ஆர்.டி.ஓ. ஆபீசுல ஒன்னைய வேலைக்குச் சேத்துவிடணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் அப்படிச் சிரித்த காலம் அது.

டாக்ஸி ஸ்டாண்டில்தான் ஆரம்பித்தது. அங்கே அவருக்கு ஒரு கூட்டாளி, மாப்ள மாப்ள என்று உயிரை விடுகிறவர். புது வண்டி வாங்கிய பெருமையில், எங்கள் வண்டிக்கு மஞ்சள்காமாலை வந்துவிட்டதாக ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறார். டூரிஸ்ட் ஆட்களும் பழைய வண்டியா என்று முகம் சுளித்தார்களாம். ஒரு நாள் வத்தலக்குண்டுக்குச் சவாரி போன என் வீட்டுக்காரர் வெள்ளை எல்.இ.டி. பல்பு மாட்டிக்கொண்டு வந்தார். கிண்ணம் பழையது, பல்பு மட்டும் புதுசு. மாட்டிக்கொடுத்தவர் கையோடு இடது பக்கத்தையும் நேராக்கிவிட்டிருந்தார்.

அன்றைக்கு வெள்ளையாக ஒரு வண்டி வளைவில் திரும்பியதைப் பார்த்தேன். யாரோ என்று இருந்துவிட்டேன். அது எங்கள் வாசலுக்குக் கீழே வந்து நின்றது. ஏதோ செய்தி சொல்லத்தான் ஆள் வந்திருக்கிறது என்று நினைத்தேன். அவர் இறங்கி வருகிறார், கையில் பரோட்டா பொட்டலம்.

"எப்படி இருக்கு லைட்டு? பகல் மாதிரி."

"ஏங்க, இதை எதுக்கு மாத்துனீங்க? ஹாலஜனுக்குச் செஞ்ச கிண்ணத்துல இந்தப் பல்பைப் போட்டா வெளிச்சம் கண்டபடி செதறும். எதுக்க வர்றவுகளுக்குக் கண்ணு கூசும். மேகம் எறங்குனா உங்களுக்கே ஒண்ணும் தெரியாது."

"எல்லாம் போன்ல பாத்தியாக்கும்."

"ஜன்னல்ல பாத்தேன்."

"ஏழாவதுல நின்னவ எனக்கு லைட்டுப் பாடம் எடுக்குறா. போய்ச் சோத்தைப் போடு."

சோற்றைப் போட்டேன். ரசம் வைத்திருக்கவில்லை. அதற்கும் ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்து ரோட்டில் ஒரு பழக்கம் உண்டு. ஏறி வரும் வண்டிக்கு, இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். ஒதுங்கி நின்றதும் லைட்டை டிம் செய்வார்கள். நான் நின்றுவிட்டேன், நீ வா என்று அதற்கு அர்த்தம். கீழ்நாட்டுச் சமவெளியில் இருந்து வருகிறவர்களோ லைட்டை அடித்து அடித்துக் காட்டுவார்கள். நான் வருகிறேன், நீ நில் என்று. இரண்டு பேரும் ஒரே ரோட்டில்தான் ஓட்டுகிறார்கள்.

வெள்ளைப் பல்பு வந்த பிறகு அவருடைய டிம்மும் ஹை பீம் மாதிரியே அடித்தது. காரட் ஏற்றி வந்த வேன்காரர் ஒருவர் நிறுத்திக் கத்தியிருக்கிறார்: "ஏலே, லைட்டா இது? கண்ணுல சுண்ணாம்பைத் தடவுன மாதிரி இருக்கு. வண்டிய ஓட்டுறதா, ஒன் மூஞ்சியப் பாக்குறதா?" அடுத்தவரிடம் பேச்சு வாங்கினால் என் வீட்டுக்காரருக்குத் தாங்காது. பழைய பல்பை மாட்டியிருக்கலாம். மாட்டினால் ஸ்டாண்டில் சிரிப்பார்கள், வீட்டில் நான் ஜெயித்ததாக ஆகிவிடும். அதனால் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டுபிடித்தார். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நின்று லைட்டை மொத்தமாகவே அணைத்துவிடுவது. பார்க் லைட் மட்டும் எரியும்.

ஊர்க்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். நல்ல மனுஷன், லைட்டையே அணைத்து வழிவிடுகிறார் என்றார்கள்.

மேலே நாயுடுபுரத்தில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போய்விட்டு நானும் அவரும் இறங்கி வந்துகொண்டிருந்தோம். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். பாதி வழியில் மேகம் இறங்கிவிட்டது. வெள்ளை லைட்டைப் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் நின்றது. மரமும் இல்லை, தடுப்புக் கல்லும் இல்லை. நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பேசினால் அவருக்குக் கை பதறும் என்று எனக்கு ஒரு பயம்.

கீழிருந்து ஒரு வண்டி ஏறி வருவது மேகத்துக்குள் வெளுப்பாகத் தெரிந்தது. அவர் ஒழுங்காக இடது ஓரம் ஒதுங்கினார், நிறுத்தினார், லைட்டை அணைத்தார்.

"அணைக்காதீங்க" என்றேன்.

"ஏறி வர்றான்ல."

அதற்குள் அது வந்துவிட்டது. வெளியூர்க் கார். எங்கள் பார்க் லைட் அந்த மேகத்தில் ஊதுபத்தி நுனி அளவுகூட இல்லை. ரோடு காலி என்று நினைத்து, வளைவை அகலமாக எடுத்து, அவர் பக்கம் நேராக வந்து இடித்தது. இடித்த பிறகும் அதன் வெள்ளைக் கோடு இரண்டும் எரிந்துகொண்டே இருந்தன. எனக்குக் கீறல்கூட இல்லை. அவருடைய வலது முழங்கால் டேஷ்போர்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அவர் கத்தவில்லை. சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தார். அப்புறம், "ஒனக்கு ஒண்ணுமில்லையே" என்று கேட்டார்.

காலில் கட்டோடு அவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனபோது நானும் கூடப் போனேன்.

"மேகத்துல லைட்டை அணைச்சுட்டு நின்னீங்களா?" என்றார் அங்கே எழுதிக்கொண்டிருந்தவர்.

"ஏறி வர்ற வண்டிக்கு வழி விட்டேன் சார்."

"வழி விட்டீங்க, சரி. லைட்டை ஏன் அணைச்சீங்க?"

"அதுதான் சார் வழி விடுறது."

அவர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். கெட்டவர் இல்லை, சிரிக்கவும் இல்லை. சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்தவர், அவ்வளவுதான். எங்களை இடித்தவரும் கெட்டவர் இல்லை. பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து, "லைட் போட்டிருந்தீங்கன்னா பாத்திருப்பேன் சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மாட்டியது கம்பெனி பல்பு இல்லை என்பது அடுத்த குற்றமாயிற்று. எல்லாம் சேர்ந்து தப்பு எங்கள் பக்கம் வந்து விழுந்தது.

ஸ்டாண்டுக்காரர்கள் எல்லோரும், நாங்களும் ஒதுங்கி லைட்டைக் குறைத்துத்தானே நிற்போம் என்று டீக்கடையில் பேசினார்கள். அதை ஸ்டேஷனில் வந்து சொல்லுங்கள் என்று கேட்டபோது ஒவ்வொருவருக்கும் ஒரு சோலி வந்துவிட்டது. மாப்ள கூட்டாளி வீட்டுக்கு வந்தார். கட்டிலில் உட்கார்ந்து, "மாப்ள, லைட்டை மாத்தத்தான் சொன்னேன். அணைக்கவா சொன்னேன்?" என்றார். டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார். அந்த டம்ளரைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக் கழுவினேன். இந்த ஒரு முறை எனக்கு வந்தது பயம் இல்லை.

வண்டி ரிப்பேராகி வந்தது. அவர் காலும் ஒரு மாதிரி மடங்கத் தொடங்கியது. ஒரு நாள் வெள்ளனே எழுந்து சட்டை போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். நான் ஜன்னலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வளைவு ஏறினார். இரண்டாவது வளைவில் வண்டி நின்றது. பிரேக் விளக்கு வெகுநேரம் சிவப்பாகவே இருந்தது. பின்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னாலேயே இறங்கி வந்தது. படியேறி வந்தவர் சாவியை அடுப்படி மேடையில் வைத்தார்.

"பிரேக்கை மிதிச்சா கால் கேக்க மாட்டேங்குது. வித்துருவோம்."

நான் சொன்னேனே என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குத் திட்டவாவது ஒரு ஆள் கிடைத்திருக்கும்.

நாயுடுபுரத்துக்காரர் ஒருவர் வாங்கினார். அவருக்கும் வில்பட்டிப் பக்கம் அடிக்கடி சவாரி உண்டு. இப்போது என் வீட்டுக்காரர் ஒரு காட்டேஜில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறார். எந்த ரோட்டிலும் அவர் இல்லை, எந்த வளைவிலும் இல்லை. எத்தனையோ வருஷம் நான் சாமியிடம் கேட்டது இதைத்தான்.

ஆனாலும் இருட்டியதும் கை தன்னால் ஜன்னலைத் திறக்கிறது. இறங்கி வருகிற வண்டிகளைப் பார்க்கிறேன். எல்லாம் வெள்ளை, எல்லாம் நேர். எங்கள் வண்டியும் அதில்தான் வரும். கொதிக்கவைத்த ரசமும் ஜன்னலுமாக அத்தனை நாள் நின்றவளுக்கு அது எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அவருக்கு முடிகிறது. சத்தத்தில் தெரியுமோ என்னவோ, கேட்டதில்லை. வாசலில் உட்கார்ந்திருப்பார். வண்டிகள் போகும், அசையமாட்டார். ஏதோ ஒன்று மேல் வளைவில் திரும்பும்போது மட்டும் சுவரைப் பிடித்து எழுந்து, காலை இழுத்துக்கொண்டு உள்ளே போய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துவிடுவார். கீழே வெள்ளையாக ஒன்று கடந்து போகும். அப்போதுதான் எனக்குத் தெரியும், போவது எங்கள் வண்டி என்று.