உச்சிப்பாறை நீலப்பூ

இன்று காலை மீன்கடையில் ஐஸ் வாங்கிக்கொண்டு பூ மார்க்கெட் வழியாக வந்தேன். ஐஸ் எதற்கென்று பிறகு சொல்கிறேன். பிச்சிப்பூவை ஈரச்சாக்கிலிருந்து உதறிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களுக்குப் பூ மணத்திருக்கும். எனக்குச் சாக்குதான் மணத்தது. அப்படி ஒரு ஈரச்சாக்கில்தான் என் பெண்டாட்டி பொன்னுத்தாய் மலையிலிருந்து ஒரு செடியைச் சுற்றிக்கொண்டு இறங்கினாள்.

நான் அப்போது ஏலத்தோட்டத்தில் களை வெட்டப் போனவன். வெட்டியது குறைவு, அவளைப் பார்த்தது அதிகம். அவள் அங்கேயே பிறந்தவள். உச்சிப்பாறை வெடிப்பில், கைப்பிடி மண்கூட இல்லாத இடத்தில், சாண் உயரச் செடி காற்றில் படுத்தபடி நீலமாகப் பூத்துக் கிடக்கும். அதே செடி பாதிமலையில், ஓடைக்கரை நிழலில், முழங்கால் உயரம் நிற்கும். பூ நாலோ ஐந்தோ. இரண்டும் ஒன்றுதான் என்று அவள் சொல்லியும் நான் நம்பவில்லை.

கல்யாணம் முடிந்து இங்கே வந்ததும் அந்தச் செடியை நான்தான் நட்டேன். கரிசல்காட்டுக்காரன் புத்தி எங்கே போகும்? ஆட்டுக்கிடை போட்டு எருவேறின மண்ணாகப் பார்த்து அள்ளி வந்தேன். இரண்டு வேளை தண்ணீர். செடி இடுப்பளவு வந்தது. தெருவில் போனவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். பூ மட்டும் இல்லை.

"கொழுக்க வச்சிட்டீய. அது குளுருலயும் காத்துலயும் பட்டினி கிடந்து பூக்கிறது," என்றாள்.

"சும்மா கிட ஏட்டி. கிடைமண்ணுல பூக்காதது வேற எங்கன பூக்கும்?"

இன்னொரு கூடை போட்டேன். வேர் அழுகிவிட்டது. அவள் சாக்கை மட்டும் மடித்து எடுத்து வைத்துக்கொண்டாள்.

இப்போது அவள் படுக்கையில் விழுந்து நாலு மாதம். பெற்ற மகளையே யாரென்று கேட்கிறாள். என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "பூத்துட்டா?" மார்க்கெட்டில் நீலமாகக் கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து காட்டினேன். கையால் தள்ளிவிடுகிறாள்.

போன மாதம் மலைக்குப் போனேன். ஓடைக்கரையில் செடி இருந்தது, ஒரு பூகூட இல்லை. உச்சிக்குக் கூட்டிப்போகச் சொல்லி ஜீப்காரர் கையைப் பிடித்தேன்.

"அங்கன ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. வெக்கைக்குப் பயந்து வருசா வருசம் மேல மேல ஏறிப் பூத்துச்சு. இனி ஏறுறதுக்கு மலை இல்ல."

ஓடைக்கரைச் செடியைத்தான் பிடுங்கி வந்தேன். இந்தத் தடவை தொட்டியில் வெறும் சரளைக்கல். எரு இல்லை, தண்ணீர் ஒரு கை. குளிருக்குத்தான் இந்த ஐஸ். சுற்றி அடுக்குகிறேன். மகள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், சிரிக்கவில்லை. இலைதான் நீளுகிறது.

உள்ளேயிருந்து பொன்னுத்தாய் அதையே கேட்கிறாள். "நாளைக்குப் பூத்துரும்," என்கிறேன். பத்து மணிக்குள் ஐஸ் கரைந்து, வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய்விடுகிறது.