கோரிமேட்டு டாக்டரம்மா

ஆதிலட்சுமி படித்தது எட்டாம் வகுப்பு. ஊசியைக் கண்டால் அவளுக்கே உடம்பு நடுங்கும். இருந்தும், எழுபதுகளின் பின்பாதியில் கோரிமேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும் கிராமத்துப் பெண்களில் பாதிப் பேர் அவளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குள் போவார்கள். எல்லாம் சினிமா செய்த வேலை.

அவள் நெல்லித்தோப்புக்காரி. மில் தொழிலாளி தணிகாசலத்தின் மகள். நெடுநெடுவென்று வளர்ந்த பெண், பத்தொன்பது வயதில் ஒரு நாடகக் கம்பெனியோடு சென்னைக்குப் போனாள். கதாநாயகி ஆகிவிடலாம் என்றுதான் போனாள், வேறு எதற்குப் போவார்கள்? ஆனால் கோடம்பாக்கத்தில் அந்த உயரமே அவளுக்கு எமனாக வந்தது. அவள் பக்கத்தில் நின்றால் கதாநாயகர்கள் குட்டையாகத் தெரிந்தார்கள். அதை எந்த மகராசன் பொறுத்துக்கொள்வான்? கடைசியில் ஒரு டைரக்டர் அவளுக்கு மூக்குக்கண்ணாடி மாட்டி, வெள்ளைக் கோட்டைப் போட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பைத் தொங்கவிட்டுப் பார்த்தார். அச்சு அசல் லேடி டாக்டர்.

அதற்குப் பிறகு அந்தக் கோட்டைக் கழற்ற யாரும் அவளை விடவில்லை. மயங்கி விழுந்த மருமகளின் கையைப் பிடித்துப் பார்ப்பாள், சிரிப்பாள், நல்ல சேதி சொல்வாள். இல்லாவிட்டால் ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவாள். படத்துக்கு ஒரு காட்சி, இரண்டு வரி வசனம். வேறு வேஷம் கேட்டால், "உன்னை வெறும் புடவையில பாத்தா ஜனங்க நோயாளி எங்கன்னு தேடுவாங்கம்மா" என்று சிரித்து அனுப்பிவிடுவார்கள். கல்யாணம் தள்ளிப்போய், நின்றே போய்விட்டது. பிறகு படங்களும் நின்றன.

எழுபத்தைந்தில் ஊர் திரும்பினாள். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பேரில் மேரி என்று ஊரார் சொல்லும் நகராட்சி ஆபீசில் அண்ணன் பலராமன் குமாஸ்தா. அவன் அவளை வாசலோடு நிறுத்தினான்.

"எனக்கும் பொண்ணுங்க இருக்கு, கட்டிக் குடுக்கணும். கூத்தாடிக்கு அண்ணன்னு பேரு வாங்க என்னால முடியாது. நீ வேற எடம் பாத்துக்க."

பெற்ற வீட்டு வாசலில் இந்தப் பேச்சைக் கேட்டவள் என்ன செய்வாள்? கோரிமேட்டில் ஒரு அறை பிடித்தாள். ஆஸ்பத்திரிக்கு எதிரே துண்டு, சோப்பு, பிளாஸ்க் விற்கும் பெட்டிக்கடை வைத்தாள். கடை திறந்த சில நாளிலேயே ஒரு கிராமத்துக்காரி அவளை உற்றுப் பார்த்துவிட்டு, "டாக்டரம்மா, நீங்களா?" என்று காலில் விழப் போனாள். ஆதிலட்சுமி இல்லை என்று சொல்லவில்லை. அதை ஒரு குற்றமாக எண்ண எனக்கு மனசு வரவில்லை. அவள் யாருக்கும் மாத்திரை கொடுத்ததில்லை, நாடி பிடித்ததில்லை. "எல்லாம் சரியாப் போவும், உள்ள போங்க" என்பாள், அவ்வளவுதான். கூத்தாடி என்று துரத்திய ஊரில் அந்தக் கும்பிடு அவளுக்குச் சோறு மாதிரி இருந்தது.

எழுபத்தெட்டு ஐப்பசியில் ஒரு நாள் பகலில், சின்னப்பாப்பா என்ற கிராமத்துப் பெண்மணி நிறைமாத மருமகள் கொளஞ்சியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தாள். மகன் கரும்பு வெட்ட வெளியூர் போயிருந்தான். மருமகளின் முகத்தில் ரத்தமே இல்லை. கடையைப் பார்த்ததும் சின்னப்பாப்பா நின்றாள்.

"டாக்டரம்மா, புள்ள குறுக்க கெடக்குதாம். வயித்தக் கிழிக்கணும்னு சொல்றாங்க. நான் ஒத்துக்கல. ஊருக்கே கூட்டிக்கினு போறேன்."

ஊருக்குப் போனால் இரண்டு உயிரும் போய்விடும் என்பது ஆதிலட்சுமிக்கும் தெரியும். தைரியம் சொல்ல அவளிடம் இருந்தது ஒரே குரல்தான், படங்களில் பேசிய டாக்டர் குரல். நிமிர்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "பயப்பட ஒன்றும் இல்லை. சின்ன ஆபரேஷன்தான். தாயையும் பிள்ளையையும் காப்பாற்றிவிடலாம்" என்றாள்.

சின்னப்பாப்பா சட்டென்று இரண்டடி பின்னால் போனாள்.

"இதத்தான அன்னிக்கும் சொன்னீங்க? செவப்பு லைட்டு எரிஞ்சுது. அப்பறம் நீங்க வெளிய வந்து, கண்ணாடியக் கழட்டிக்கினு தலைய ஆட்டிட்டுப் போனீங்க. மகாலட்சுமியாட்டம் இருந்த பொண்ணு, போயே பூடுச்சு."

எந்தப் படம் என்று ஆதிலட்சுமிக்கு ஞாபகம் வந்தது. சின்னப்பாப்பா தன் வாழ்நாளில் பார்த்த ஒரே ஆபரேஷன் அது, டெண்ட் கொட்டகை மணலில் உட்கார்ந்து பார்த்தது. சிரிக்க வேண்டிய பேச்சுதான். ஆனால் பஸ் வந்து நின்றுவிட்டது, கொளஞ்சி பல்லைக் கடித்துக்கொண்டு படியில் ஒரு காலை வைத்துவிட்டாள்.

சுற்றிலும் அவளைத் தினம் கும்பிடுகிறவர்கள் நின்றிருந்தார்கள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தால் இங்கேயும் அவள் கூத்தாடிதான். ஆதிலட்சுமி கடையை விட்டு இறங்கி ஓடிவந்து சின்னப்பாப்பாவின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நான் டாக்டர் இல்ல. நடிச்சுப் பொழைச்சவ. கேளுங்க, அந்தப் பொண்ணு சாகல. அவ பேரு வேம்பு. ஷூட்டிங் முடிஞ்சதும் அதே கட்டில்ல எழுந்து உக்காந்து மோர் வாங்கிக் குடிச்சா. இப்ப சைதாப்பேட்டையில இருக்கா. மூணு பசங்க. கடைசிப் புள்ள ஆபரேஷன் பண்ணித்தான் பொறந்துச்சு."

கடைசிப் பிள்ளை விஷயம் மட்டும் அவள் அந்த நேரத்தில் கட்டிவிட்ட கதை. அவள் வாழ்க்கையில் யாரும் எழுதிக் கொடுக்காமல் பேசிய வசனம் அது ஒன்றுதான்.

"சாகலியா?"

"சாகலக்கா. நல்லா இருக்கா."

சின்னப்பாப்பா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "எத்தினி வருசமா அந்தப் பொண்ண நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள். பிறகு பஸ் பக்கம் திரும்பி, "எறங்குடி கொளஞ்சி" என்றாள்.

பிடித்த கையைச் சின்னப்பாப்பா விடாததால் ஆதிலட்சுமியும் உள்ளே போக வேண்டியதாயிற்று. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். எத்தனையோ கதவுகளைத் திறந்துகொண்டு சிரித்தபடி வந்தவளுக்கு, கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது இவ்வளவு கொடுமை என்று யாரும் சொன்னதில்லை. கூரையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டாள்.

நர்ஸ் வெளியே வந்து, "பொண் கொழந்த. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றாள்.

ஆதிலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நர்ஸ் அவளைப் பார்த்து, "நீங்க பொண்ணோட அம்மாவா?" என்று கேட்டாள்.

சின்னப்பாப்பாதான் பதில் சொன்னாள். கலெக்டர் என்று சொல்லுகிற அதே மரியாதையில் சொன்னாள்.

"இல்லம்மா. இவங்க நடிகை."