சங்குக்குப் பிந்திய நிழல்

கைக்கடிகாரத்தைக் கழற்றி, முகம் தெரியாதபடி குப்புறக் கவிழ்த்து, பூங்காவின் சிமெண்ட் மேடை ஓரத்தில் வைப்பார் என் அண்ணி. "இது கொஞ்ச நேரம் வாய மூடிக்கினு கெடக்கட்டும்" என்பார். பிறகு புடவைத் தலைப்பால் மேடை மேலிருந்த வட்ட இரும்புத் தட்டைத் துடைப்பார். எங்கள் ஊரில் எதைத் துடைத்தாலும் துணி கறுத்துப்போகும்; நிலக்கரிச் சுரங்கத்துத் தூள் அப்படி. துடைத்ததும் எண்கள் தெரியும். தட்டின் நடுவே சாய்ந்து நிற்கும் தகட்டின் நிழல் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் எங்கேயோ படுத்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு அண்ணி காலை நீட்டி உட்கார்ந்துகொள்வார். உலகத்தில் அவருக்கு வேறு வேலையே இல்லாதது போல இருக்கும் அந்த உட்கார்தல்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் அந்தக் காலத்தில் அங்கங்கே சூரியக் கடிகாரங்கள் இருந்தன. எந்த அதிகாரிக்கு அப்படியோர் ஆசை வந்ததோ தெரியாது. பூங்காவில் ஒன்று, பள்ளிச் சுவரில் ஒன்று, ரவுண்டானாவில் ஒன்று என்று வைத்துவிட்டுப் போய்விட்டார். ஊரில் யாரும் அவற்றைப் பார்த்து மணி சொன்னதாக நினைவில்லை. எங்களுக்கு மணி சொல்ல சுரங்கத்துச் சங்கு இருந்தது. ஷிப்ட் மாறும்போது அது ஊதும். உலை வைப்பதும், பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதும், சண்டையை நிறுத்துவதும் எல்லாம் அந்தச் சங்குக்குத்தான்.

நாங்கள் கடிகாரம் தேடிக் கிளம்பியதற்கு அறிவுத்தாகம் காரணமில்லை. அண்ணனுக்கு நைட் ஷிப்ட், அதுதான் காரணம். நைட் ஷிப்ட் வாரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் ஆஸ்பத்திரி போல ஆகிவிடும். விடிந்து வீடு வந்த ஆள் சாப்பிட்டுப் படுத்தால், பிற்பகல் சங்கு ஊதும் வரை தூங்கவேண்டும். அவருடைய சாப்பாட்டுப் பையை வெளிக்கேட்டில் மாட்டிவிடுவோம். பை தொங்கினால் உள்ளே ஆள் தூங்குகிறார் என்று அர்த்தம். பால்காரர் மணியடிக்கமாட்டார், பிள்ளைகள் பந்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். மேல்பட்டாம்பாக்கத்தில் கூட்டமும் கூச்சலுமான வீட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அண்ணிக்கு இது மூச்சு முட்டியது. "ஒரு கரண்டி கீழ வுழுந்தா கொலக்குத்தம் மாதிரி பாக்குறாரு உங்க அண்ணன். எங்கனா போவலாம் வா பாப்பா" என்றார் ஒருநாள். நான் கல்லூரி முடித்து வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்த நேரம். அப்பாவும் அம்மாவும் கம்மாபுரம் பக்கம் நிலத்தைப் பார்க்கப் போய்விட்டதால் அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். அண்ணிக்கும் எனக்கும் வயது வித்தியாசம் அதிகமில்லை. ஆனாலும் நான் அவருக்குப் பாப்பாதான்.

முதலில் சைக்கிளை நான் மிதிப்பேன், அண்ணி கேரியரில் உட்கார்ந்து வருவார். பிறகு அவரே ஓட்டக் கற்றுக்கொண்டு, முழங்காலெல்லாம் சிராய்த்துக்கொண்டு, பக்கத்து வீட்டுச் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு என்னோடு வந்தார். எங்கள் பிளாக் பூங்காவில் இருந்த கடிகாரத்தைப் பார்த்ததும் மற்றவை எங்கே இருக்கின்றன என்று தேடத் தொடங்கினார். ஆஸ்பத்திரி ரோட்டு ரவுண்டானாவில் எண்களைக் குரோட்டன்ஸ் செடியாலேயே வளர்த்திருந்தார்கள். தோட்டக்காரர் லீவில் போனால் பத்தும் பதினொன்றும் பருத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பெண்கள் பள்ளியின் சுவரில் இருந்தது பாதி நாள் வேலை செய்யாது. பக்கத்திலேயே ஒரு வேப்பமரத்தை நட்டிருந்தார்கள், அது கூரைக்கு மேல் வளர்ந்துவிட்டது. கடிகாரம் வைத்தவர்களும் இவர்கள்தான், மரம் வைத்தவர்களும் இவர்கள்தான். அண்ணி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்து, ஹேண்டில்பாரை விட்டுவிட்டு ஒரு முறை சாக்கடைக்குள் இறங்கியிருக்கிறார்.

டவுன்ஷிப் தீர்ந்ததும் பஸ் ஏறினோம். பண்ருட்டியில் ஒரு பழைய பள்ளிக்கூட வளாகத்தில் கல்லால் ஆன ஒன்று இருப்பதாக அண்ணிக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். டவுன்ஷிப் வாசலான ஆர்ச் கேட்டில் சைக்கிள்களைப் பூட்டிவிட்டுப் போனோம். பலாக் காலம். பஸ்ஸில் ஆளுக்கு இணையாகப் பலாப்பழங்கள் உட்கார்ந்து வந்தன. வெயிலில் அலைந்து, விசாரித்து, கடைசியில் கண்டுபிடித்தபோது அந்தக் கல்லின் மேல் ஒரு பெரிய பழம் இருந்தது. பக்கத்தில் வாட்ச்மேன். "பழத்த கொஞ்சம் நவுத்துறீங்களா, மணி பாக்கணும்" என்றார் அண்ணி. வாட்ச்மேன் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தன் கையைத் திருப்பி, கடிகாரத்தில் பார்த்து மணி சொன்னார். நாங்கள் பஸ் ஸ்டாண்டு வரும்வரை சிரித்தோம். இப்போதும் பலாவாசம் அடித்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

எந்தக் கடிகாரத்தைப் பார்த்தாலும் ஒரு விஷயம் ஒன்றுபோலவே இருந்தது. பிற்பகல் இரண்டு மணிச் சங்கு ஊதும்போது நிழல் இரண்டுக்கு வந்து சேர்ந்திருக்காது. தை, மாசியில் அரைமணி நேரம்கூடப் பிந்தும். ஐப்பசியில் மட்டும் சங்கை ஒட்டியே வந்துவிடும், சில நாள் முந்தியும் விடும். நாட்டுக்கெல்லாம் ஒரே மணி என்று வைத்தது நமக்குக் கிழக்கே உள்ள ஓர் இடத்துச் சூரியனை வைத்து என்பதும், நிழல் வருஷம் முழுக்க ஒரே சீராக நடக்காது என்பதும் பிற்காலத்தில் கைப்பேசியில் தேடிப் படித்தது. அப்போது அதெல்லாம் தெரியாது. அண்ணிக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். சங்கு அண்ணனுக்கு, நிழல் தனக்கு. பிற்பகல் சங்கு ஊதியதும் நான் பதறி எழுவேன். அண்ணன் விழித்திருப்பார், காப்பி கேட்பார். அண்ணி அசையமாட்டார். "நிழல் வந்துடுச்சா?" என்பார். நான் குனிந்து பார்த்து, "இன்னும் வரல அண்ணி" என்பேன். "அப்ப இரு. இன்னும் நேரம் இருக்குது" என்பார்.

அந்தச் சின்ன இடைவெளியில்தான் அவர் பேசியதெல்லாம். பிறந்த வீட்டை, வாழ்க்கைப்பட்ட பயத்தை, அண்ணன் மேல் இருந்த கொள்ளைப் பிரியத்தை, அதைச் சொல்ல அவர் விழித்திருக்கும் நேரம் கிடைக்காததை. சில நாள் ஒன்றுமே பேசாமல் இரண்டு பேரும் நிழலைப் பார்த்துக்கொண்டிருப்போம். யாருக்கும் கணக்கு சொல்லவேண்டாத நேரம் என்று என் வாழ்க்கையில் இருந்தது அது மட்டும்தான்.

அதிலும் ஒருவர் கை வைத்தார். எங்கள் பிளாக்கில் ஒரு ஃபோர்மேன் இருந்தார். சங்குக்கு ஒத்துப்போகாத எதுவும் ரிப்பேர் என்பது அவர் கொள்கை. ஒரு மாசி மாதத்தில் ஸ்பேனரோடு பூங்காவுக்கு வந்து, போல்ட்டைத் தளர்த்தி, சங்கு ஊதிய கணத்தில் நிழல் இரண்டைத் தொடும்படி தட்டைத் திருப்பி முடுக்கிவிட்டார். பிளாக்கே வந்து பார்த்துப் பாராட்டியது. அண்ணிக்கு மட்டும் அன்று முகமே சரியில்லை. நாளாக ஆக நிழல் முந்திக்கொண்டு ஓடத் தொடங்கியது. ஐப்பசி வந்தபோது சங்குக்கு வெகு முன்பே இரண்டு காட்டியது. "பாத்தியா, என் நேரத்த எடுத்து எவனுக்கோ குடுத்துட்டான்" என்றார் அண்ணி. மறுநாள் அண்ணன் தூங்கும்போது அவருடைய டூல் பாக்ஸிலிருந்து ஸ்பேனரை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு காவல் நின்றேன். பட்டப்பகல், ஆள் நடமாட்டமில்லை. பழைய இடத்துக்குத் திருப்பினால் போதாதா? அண்ணி அதையும் தாண்டித் திருப்பினார். "இருக்கட்டும், எடுத்ததுக்கு வட்டி" என்று போல்ட்டை முடுக்கினார்.

அதன்பிறகு எங்கள் பூங்காவில் இரண்டு மணி மிகவும் தாமதமாகவே வந்தது. ஃபோர்மேன் தலையைச் சொறிந்தார், பிறகு விட்டுவிட்டார். அண்ணன் சங்குக்கு எழுந்தார், அண்ணி நிழலுக்கு வீடு திரும்பினார். நடுவில் என்ன ஆனது என்றால், அண்ணன் தானே காப்பி போடக் கற்றுக்கொண்டார். அண்ணிக்கும் ஒரு டம்ளர் மூடிவைக்கத் தொடங்கினார். எங்கே போனாய் என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

எனக்கு வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, என் பெயரிலேயே குவார்ட்டர்ஸ் வந்தது. அண்ணன் ரிட்டயரானதும் வீட்டைக் காலி செய்துகொண்டு மகனோடு ஓசூர் போய்விட்டார்கள். இந்த ஊரில் யாரும் கடைசிவரை இருக்க முடியாது. வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதான். இந்த மாசியோடு என் முறை. ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள் என்று அண்ணியை ஒரு வருஷமாகக் கூப்பிட்டேன். வருகிறேன் வருகிறேன் என்றவர் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறார். "இனிமே எங்க பாப்பா வர்றது. சாவி குடுக்கறதுக்கு முன்ன, நம்ம கடிகாரம் இருக்குதான்னு ஒருதபா போய்ப் பாத்துட்டு எனக்குச் சொல்லு" என்றார். வேறெதையும் அவர் என்னிடம் கேட்டதில்லை.

போன வாரம் கிளம்பினேன். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்று என் வீட்டுக்காரர், "பேக்கிங்குக்குப் பயந்து ஓடறியா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன். ஆஸ்பத்திரி ரோட்டு ரவுண்டானாவில் குரோட்டன்ஸ் போய் தண்ணீர் வராத நீரூற்று இருந்தது. பள்ளிச் சுவருக்குப் புது வண்ணம் அடித்திருந்தார்கள். வேப்பமரம் மட்டும் அப்படியே நின்றது. கடைசியாக எங்கள் பூங்காவுக்குத் திரும்பினேன். பாதி குவார்ட்டர்ஸ்கள் பூட்டிக்கிடந்தன. பூங்காவில் புல் இடுப்பளவு. ஒதுக்கிக்கொண்டு போனேன். மேடை இருந்தது.

தட்டு இல்லை. போல்ட் இருந்த இடத்தில் துருப்பிடித்த ஓட்டை, அதற்குள் எறும்புகள். எண்ணில்லை, தகடில்லை, மேடை முழுக்க ஒரே வெயில். அண்ணியிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அழவேண்டும் போல இருந்தது, அழுதேன். பிறகு பழக்கதோஷம், புடவைத் தலைப்பு இல்லாததால் துப்பட்டாவால் மேடையைத் துடைத்தேன். கைக்கடிகாரத்தைக் கழற்றி, குப்புறக் கவிழ்த்து, ஓரத்தில் வைத்தேன். காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு ஓசூருக்குப் போன் போட்டேன்.

அண்ணி எடுத்ததும் கிசுகிசுத்தார். ரிட்டயராகி இத்தனை வருஷம் ஆகியும் அண்ணனுக்குப் பகலில்தான் தூக்கம் வருகிறது. "எங்க இருக்க பாப்பா?"

"நம்ம பார்க்குல அண்ணி."

அவர் அடுத்ததைக் கேட்பதற்குள் பிற்பகல் சங்கு ஊதியது. போனைத் தூக்கிப் பிடித்தேன். ஊதி முடித்ததும் மறுபடி காதில் வைத்தேன்.

"நிழல் வந்துடுச்சா?"

நான் வெற்று மேடையைப் பார்த்தேன்.

"இன்னும் வரல அண்ணி."

"அப்ப இரு" என்றார், அதே ரகசியக் குரலில். "இன்னும் நேரம் இருக்குது."