ஏழு தரம் பூசிய கோடு

நாலு வருடத்துக்கு முந்திய ஒரு மாசி மாதம். மொன்றியலில் ஒரு சிறிய ஓவியக்கூடத்துக்கு வெள்ளையடிக்கப் போயிருந்தேன். நான் குடியிருக்கும் லாசாலில் இருந்து இரண்டு பஸ், ஒரு மெட்ரோ. இருபது வருடம் பெயின்ட் அடித்துத் தேய்ந்த என் முழங்கால்கள் ஏணியைக் கண்டாலே நோகத் தொடங்கிவிடும்.

எதிர்ச் சுவரில் ஒரு கனடியப் பூர்வகுடி ஓவியர், என் வயதுப் பெண், நேரே சுவரிலேயே வரைந்துகொண்டிருந்தார். முக்கோணம், சாய்சதுரம், கோடு. வேறொன்றும் இல்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், உங்கள் ஆட்கள் இறகு, ஓநாய் எல்லாம் வரைவார்களே, அது எங்கே என்று என் அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டுவிட்டேன். அவர் அடுத்த கோட்டுக்கு டேப் ஒட்டத் தொடங்கினார்.

மறுநாள் அவர் சாப்பிடப் போயிருந்தார். கோடு நேராக வருவதற்கு ஒட்டிய டேப் எல்லாம் சுவரில் அப்படியே இருந்தது. எங்கள் தொழிலில் பெயின்ட் காய முன்னர் டேப்பை உரிக்க வேண்டும். விட்டால் பெயின்டும் சேர்ந்து பிய்ந்து வரும். பாவம், மனுசி மறந்துவிட்டார் என்று நினைத்து, பாதிச் சுவரை உரித்துப் பந்தாக உருட்டி வைத்தேன்.

திரும்பி வந்தவர் சுவரைப் பார்த்தார். தரையில் அப்படியே இருந்துவிட்டார். பிறகு, முடிந்த மூலை ஒன்றைத் தடவிப் பார்க்கச் சொன்னார். கோட்டின் விளிம்பு நூல் போல எழும்பி நின்றது. துணியில் மணி வைத்துத் தைக்கும் அவருடைய ஆட்களின் வேலைப்பாட்டில் விரலுக்குத் தட்டுப்படுமே, அதே மேடு. டேப்பை எடுக்காமல் ஏழு தரம் பூசினால்தான் வருமாம். நான் உரித்தது மூன்றாவதில். கண்காட்சிக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

முதலாளிக்குப் போன் எடுத்தேன். "உனக்கேன் தேவையில்லாத வேலை? கூடத்து ஆக்கள் முறைப்பாடு சொன்னா நாளையிலயிருந்து வராத" என்றார். அதற்குள் கூடத்தின் பொறுப்பாளர் வந்து, யார் உரித்தது என்று கேட்டார். நான் வாய் திறக்க முன்னர், தான்தான் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டார்.

பொறுப்பாளர் போனதும் ஓவியர் புது டேப் ஒன்றை என்னிடம் நீட்டினார். அவர் சொன்னது எங்கள் பேச்சில் இப்படித்தான் வரும்: "இருபது வருசமா எல்லாரும் என்னட்ட இறகைத்தான் கேக்கினம். நேர்க்கோடும் எங்கடதான். உங்கட கை நேராப் போகுது, ஒட்டுங்கோ."

வெட்கமாக இருந்தது. இரண்டு நாளும் என் வேலை முடிந்த பிறகு நின்று ஒட்டினேன். அவர் பூசிக்கொண்டே வந்தார். ஏழாவது பூச்சும் முடிந்ததும், கடைசி டேப்பை என்னையே உரிக்கச் சொன்னார். விளிம்பு எழும்பி நின்றது.

அவர் காப்பாற்றித் தந்த அதே வேலையில்தான் இன்றும் இருக்கிறேன். டேப்பை உரிக்கப் போகும்போதெல்லாம், அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டியது இறகைப் பற்றியல்ல, 'முடிஞ்சுதோ?' என்ற ஒரு வார்த்தைதான் என்று நினைத்துக் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது.