சொரசொரப்பான பலகை

கொல்லை வாசலைத் தாண்டும் முன் ராமுத்தாய் கொஞ்சம் நிற்பாள். இடது கை நிலைக்காலைப் பிடித்துக்கொள்ளும். வலது கால் பெருவிரல், வாசற்படியை ஒட்டிக் கிடக்கும் மரப்பலகையை ஒரு தடவை தேய்த்துப் பார்க்கும். பிறகுதான் ஏறுவாள். ஒன்பது வருடமாக இப்படித்தான். சாமியை நினைத்துக்கொண்டு தாண்டுகிறாள் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் பேசிக்கொள்வார்கள். அவள் மறுத்ததில்லை. எதையும் மறுத்துப் பேசிப் பழக்கமில்லாதவள்.

அறுபத்தொன்பதாம் வருடம் ஐப்பசி மழையில், கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தாள். அப்போது அவளுக்கு ஐம்பத்தேழு வயது. வலது தொடை எலும்பு முறிந்துவிட்டது. மதுரைக்குக் கொண்டுபோய், ஆணி வைத்து, நாற்பது நாள் கழித்து வாடகைக் காரில் சாக்கோட்டைக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

“நான் மரத்துக்கு அடிச்ச ஆணியெல்லாம் பத்தலைன்னு, டாக்டரு ஒனக்கும் ஒண்ணு அடிச்சு விட்டுட்டாரு” என்று சிரித்தார் குழந்தைவேலு ஆசாரி. அவளுடைய கணவர். நிலை, கதவு வேலையில் சுற்றுவட்டாரத்தில் பேர் எடுத்தவர்.

ராமுத்தாய்க்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருடத்துக்கு முன் அடுத்த தெருவில் எல்லாரும் ஆயி என்று கூப்பிடும் கிழவியும் இப்படித்தான் விழுந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கட்டிலில் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. முதுகெல்லாம் புண். அப்புறம் அவள் வாசல் தாண்டியது நாலு பேர் தோளில்தான். கட்டிலில் கிடந்து மேலே உத்தரத்தைப் பார்க்கும்போதெல்லாம் ராமுத்தாய்க்கு ஆயியின் முகம் வந்து போகும். அதைவிடப் பெரிய வேதனை, இருந்த இடத்திலேயே எல்லாம் ஆவது. மருமகள் மூத்திரச் சட்டியை எடுத்துக்கொண்டு போகும்போது இவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தானாக நடந்து கொல்லைக்குப் போய்விட்டு வரவேண்டும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்.

காரைக்குடியிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ்ஸில் சின்னக்கண்ணு வருவாள். ஆஸ்பத்திரி வார்டில் பல வருடம் வேலை பார்த்து, நோயாளிகளைப் பயிற்சி கொடுத்து நடக்க வைக்கும் வேலையைக் கற்றுக்கொண்டவள். முழங்காலுக்கடியில் துணியைச் சுருட்டி வைத்து அமுக்கச் சொல்வாள். பாதத்தை முன்னும் பின்னும் மடக்கச் சொல்வாள். பிறகு கட்டில் காலைப் பிடித்து நிற்க, நாலு காலுள்ள மரச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு நடக்க என்று ஒன்றரை மாதம் போயிற்று.

“நல்ல காலு முதல்ல மேலே ஏறும், நொந்த காலு முதல்ல கீழே எறங்கும். எங்கே, சொல்லுங்கக்கா.”

ராமுத்தாய் வாய்க்குள் சொல்லுவாள். ராத்திரி தூக்கத்திலும் அதுதான் ஓடும்.

கடைசியில் கொல்லை வாசல் வந்தது. ஆசாரி தன் கையால் வைத்த நிலை. படி முக்கால் சாண் உயரம்.

“படி மேலயே காலை வச்சு எறங்குங்க” என்றாள் சின்னக்கண்ணு.

“அய்யோ, வேண்டாம் தாயி. லட்சுமி இருக்கிற எடம். மிதிக்கக் கூடாது.”

“தாண்டுற அளவுக்குக் காலு இன்னம் தூக்க வரலியேக்கா. நீங்க என்ன பண்ணப் போறீக?”

படியைக் குறைத்து அறுக்கலாம் என்று மகன் சொன்னான். ஆசாரி எழுந்து வெளியே போய்விட்டார். பொன்னும் நவதானியமும் போட்டு நாள் பார்த்து வைத்த நிலையில் வாள் வைக்க அவருக்கு மனசு வரவில்லை. மூன்று நாள் பட்டறையிலேயே இருந்தார். நாலாம் நாள் இரண்டு தேக்குப் பலகைகளோடு வந்தார். படிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. படியில் பாதி உயரம். பலகையில் ஏறி, படியை மிதிக்காமல் தாண்டி, அடுத்த பலகையில் இறங்கலாம்.

இழைப்புளி போட்டு, உப்புத்தாள் தேய்த்து, மெழுகும் ஏற்றியிருந்தார். கொல்லை வெளிச்சம் பலகையில் தகதகவென்று கிடந்தது. ராமுத்தாய் பலகையைப் பார்த்தாள். அன்றைக்குக் கிணற்றடிக் கல்லும் இப்படித்தான் மினுங்கியது. சொல்ல நினைத்தாள். ஆசாரி பலகையை விரலால் தடவிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இடது காலை வைத்தாள். உடம்பின் பாரம் அதில் இறங்கியதும் கால் சர்ரென்று ஓடிற்று. எங்கிருந்து வந்ததோ, இடது கை நிலைக்காலைப் பற்றிவிட்டது. சின்னக்கண்ணு இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். விழவில்லை. ஆனால் கட்டிலுக்கு வந்த பிறகும் அவள் சின்னக்கண்ணுவின் கையை விடவில்லை.

அதன்பின் எட்டு நாள் அவள் காலைத் தரையில் வைக்கவில்லை. முழங்கால் இறுகிப்போனது.

“என்னக்கா, முட்டியை மரமாக்கிட்டீக?” என்றாள் சின்னக்கண்ணு. “மரம்னா வீட்டுக்கார அண்ணன் இழைச்சுருவாருன்னு நெனப்பா?” பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள்: “இன்னம் பத்து நாளு இப்பிடிக் கெடந்தா, அப்புறம் நான் வந்து பிரயோசனமில்லை. சொல்லிட்டேன்.”

ஆயியின் முகம் உத்தரத்திலிருந்து கீழே இறங்கி வந்ததுபோல் இருந்தது. அன்று சாயங்காலம் ஆசாரி கட்டிலருகே வந்தபோது ராமுத்தாய் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

“பலகை வழுக்குதுங்க. பாத்த அன்னைக்கே தெரியும். சொல்லப் பயமா இருந்துச்சு.”

“என் வேலையிலயா கொறை சொல்லுற?”

“கொறை இல்லங்க. ரொம்ப நல்லா இருக்கு. அதான் வழுக்குது.”

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். போய் உளியை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். பலகையின் குறுக்கே கோடு கோடாகக் கொத்தும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. “முப்பத்தஞ்சு வருசமா வழவழப்புக்குப் பேரு வாங்குனவன். இப்ப என்னைய மரத்தைச் சொறிய வச்சுட்டா பாரு” என்று மருமகளிடம் முறையிட்டார். மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுபடி முழங்காலை மடக்கப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. பதின்மூன்றாம் நாள் ராமுத்தாய் நிலைக்காலைப் பிடித்து, பெருவிரலால் பலகையைத் தேய்த்துப் பார்த்தாள். சொரசொரவென்று இருந்தது. நல்ல கால் ஏறியது. படியைத் தாண்டினாள். நொந்த கால் இறங்கியது. உள்ளங்கை வேர்த்து, நிலையில் ஈரமாகப் பதிந்திருந்தது. கொல்லைக்குப் போய்விட்டு, யாரையும் கூப்பிடாமல் திரும்பி வந்தாள்.

இப்போது எழுபத்தெட்டாம் வருடம். அவளுக்கு அறுபத்தாறு வயது. வலது கால் முக்கால் அங்குலம் குட்டை. தண்ணீர் இறைக்கிறாள், சமைக்கிறாள், கொல்லைக்குத் தானே போய் வருகிறாள். பயம் மட்டும் போகவில்லை. பலகை போடாத வீட்டுக்குள் அவள் போவதில்லை. வெளியிலேயே நின்று பேசிவிட்டு வந்துவிடுகிறாள்.