மாத்திரை தின்னாதவள்

காலை பஸ்ஸில் ஜன்னலோரம் அத்தை, என் வீட்டுக்காரரின் அம்மா, உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு மஞ்சள் பை. அதன் வாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பையை மட்டும் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டார். பைக்குள் ஒரு கஷாய சீசா. சீசாவுக்குள் என்னுடைய சிறுநீர். நான் பக்கத்தில் முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு, சங்கரன்கோவில் எப்போது வரும் என்று காலடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "என்ன ஆச்சி, எண்ணெயா? சிந்திராம பாத்துக்கிடுங்க" என்றார். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, "பிடிச்சிருக்க பிடியைப் பாத்தா மலைத்தேனு மாதிரில்லா இருக்கு. ஒரு சொட்டு நாக்குல வைக்கலாமா ஆச்சி?" என்று கேட்டார். அத்தை முகத்தில் ஒரு அசைவும் இல்லை. "எறங்குவோம்வே. முழுச் சீசாவும் ஒமக்குத்தான்" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, அது இருமலாகிவிட்டது.

அப்போது எனக்குக் காசநோய். எழுபதுகளின் கடைசி. எங்கள் ஊர் மேலநீலிதநல்லூர்ப் பக்கம். மழையை நம்பின காடு. பருத்தி எடுக்கப் போன இடத்தில் ஒருநாள் இருமினேன், கையில் இருந்த பஞ்சு சிவந்துவிட்டது. அதைப் பார்த்தது அத்தை ஒருவர்தான். அந்தப் பஞ்சை வாங்கி மடியில் ஒளித்துக்கொண்டு, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று மற்ற பெண்களிடம் சொல்லி என்னை வீட்டுக்குக் கூட்டி வந்தார். காசம் என்ற சொல்லை எங்கள் தெருவில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எங்களுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பெண்ணைச் சீக்குக்காரி என்று பிறந்த வீட்டுக்கு அனுப்பினார்கள். குணமானதும் வா என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அடுத்த வருஷமே அந்த வீட்டில் வேறு ஒருத்தி கோலம் போட்டாள்.

அந்தச் சமயத்தில் மதராஸிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் சிலர் சங்கரன்கோவிலில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, காச நோயாளிகளுக்கு இலவசமாக மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மருந்து கொடுப்பது மட்டும் அவர்கள் வேலை இல்லை. ஊசி போட்டுக்கொள்ள அங்கேயே வந்து போகிறவர்கள் ஒரு பக்கம், மாத்திரையை வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போகிறவர்கள் ஒரு பக்கம். எந்தப் பக்கத்தில் நிறையப் பேர் பிழைக்கிறார்கள், யார் பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்று பார்ப்பதற்காக வந்தவர்கள். அங்கே இருந்த டாக்டரம்மா இதையெல்லாம் எனக்கு நிதானமாகச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். என்னை மாத்திரைப் பக்கத்தில் போட்டார்கள். எனக்கு அது தெய்வம் கண் திறந்த மாதிரி இருந்தது. மாதம் ஒருமுறை சந்தைக்குப் போகிற மாதிரி போய் வாங்கி வந்துவிடலாம். ஊருக்குத் தெரியாது.

ஆனால் ஒன்று இருந்தது. வீட்டில் கொடுத்த மாத்திரையை நிஜமாகவே தின்கிறார்களா என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு அண்ணாச்சி சைக்கிளில் வருவார். மிச்ச மாத்திரையை எண்ணுவார். பிறகு ஒரு சின்னச் சீசாவை எடுத்து நீட்டி, அதில் சிறுநீர் பிடித்துத் தரச் சொல்வார். தங்கமான மனுஷர். முதல் தடவை அவர் வந்தபோது குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்க வந்திருக்கிறார் என்று எங்கள் தெரு ஆண்களெல்லாம் காட்டுக்குள் போய்விட்டார்கள். நானும் கிட்டத்தட்ட அப்படித்தான். சீசாவைப் பார்த்ததும் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். வீட்டுக்காரரிடமே கதவுக்குப் பின்னால் நின்று பேசுகிறவள் நான். அண்ணாச்சி வாசலில் காத்திருந்தார். அத்தை வந்து, "ஏட்டி, நீ உள்ள போ. நான் பாத்துக்கிடுதேன்" என்றார். என்ன பார்த்துக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. அதற்கப்புறமும் இரண்டு தடவை அண்ணாச்சி வந்தார், அதே மாதிரி போனார்.

பிறகு ஒருமுறை மாத்திரை வாங்கப் போனபோது, டாக்டரம்மா என் வீட்டுக்காரரையும் உள்ளே கூப்பிட்டார். "மூணு தடவை பரிசோதனை பண்ணிட்டோம். மூணு தடவையும் இவங்க மாத்திரை சாப்பிட்ட அடையாளமே இல்லை" என்றார். நான் தின்றேன். ஒருநாள் விடவில்லை. தின்றால் வயிறு எரியும், அதோடு தின்றேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. பக்கத்தில் இருந்த இன்னொரு டாக்டரிடம் தணிந்த குரலில், "வீட்டுக்குக் கொடுத்தா பொம்பளைங்க சாப்பிடறதில்லைன்னு இதுல தெரியுது பாருங்க" என்று சொன்னார். அது இன்றுவரை என் காதில் இருக்கிறது. நான் ஒருத்தி இல்லை, பெண்களே தின்பதில்லை என்று ஆகிவிட்டது. இனிமேல் ஊசிப் பக்கம் வந்துவிட வேண்டும் என்றார். வாரத்தில் பல நாள் சங்கரன்கோவில் வர வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் கேட்டார். "எங்க போடுத? அடுப்புலயா, மாட்டுத் தொட்டியிலயா?"

"திங்கேன்" என்றேன், தரையைப் பார்த்து.

"அப்ப டாக்டரம்மா பொய் சொல்லுதாவளோ? ஒங்க அம்மா வீடு சங்கரன்கோவில்லதான இருக்கு. அங்கன போயி இருந்து ஊசியப் போட்டுக்க. பிள்ளை இங்க இருக்கட்டும்."

என் மகளுக்கு அப்போது மூன்று வயது. அத்தை மிளகாய் வற்றலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "ஏலே, வயித்துக்குள்ள போன மாத்திரை போனதுதான? ஒண்ணுக்குல எப்படிலே தெரியும்?" என்று கேட்டார்.

"தின்ன ஆளு நீருல அந்த மருந்து வந்துருமாம். ஏதோ ஊத்துதாவ, நெறம் மாறுது. திங்காத ஆளுக்கு மாறாது."

அத்தையின் கை நின்றது. "ஒரே வீட்டுக் கஞ்சி, ஒரே கெணத்துத் தண்ணி. இதுல ஆளுக்கு ஆளு வேறயா?"

"பின்ன?"

அத்தை முறத்தைத் தள்ளி வைத்தார். "அது என்னுதுலே" என்றார்.

"எது?"

"அந்த அண்ணாச்சி கொண்டு போனது. மூணும்."

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அத்தை விடவில்லை. "வயசுப் பொண்ணு போயி வேத்து ஆம்பிளை கையில அதைக் குடுக்கதாலே? நான் கெழவி, எனக்கென்ன. வீட்டுத் தண்ணி நல்லாருக்கான்னு பாக்காவன்னு நெனைச்சேன்." அவர் முனகினார்: "சரி, விடு. வெளிய சொன்னா ஊரே சிரிக்கும். ஊசியே போட்டுட்டுப் போறா. கொஞ்ச மாசம்தான."

அத்தை எழுந்து நின்றார். குட்டையான உடம்பு, என் தோள் வரைக்கும்தான் வருவார். "போனவ திரும்பி வந்து இந்த வாசல்ல கோலம் போடுவான்னு எழுதித் தாரியாலே?" என்று கேட்டார். "தரமாட்ட. காலைல நானும் அவளும் போறோம். சிரிக்கவன் சிரிக்கட்டும்."

அப்படித்தான் அந்தப் பஸ் பயணம் வந்தது. சங்கரன்கோவிலில் இறங்கி, பூக்கடைகளைத் தாண்டி, தறிச் சத்தம் கேட்கும் தெரு வழியாக அந்த வாடகை வீட்டுக்குப் போனோம். தாழ்வாரம் முழுக்க நோயாளிகள். சைக்கிள் அண்ணாச்சியும் இருந்தார். அத்தை யாரையும் தனியாகக் கூப்பிடவில்லை. டாக்டரம்மா வெளியே வந்ததும் எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொன்னார், ஒன்றும் மறைக்காமல். கடைசியில், "மாத்திரை திங்காதவ நாந்தான் தாயீ. அவ இல்ல. அதை அப்படியே எழுதுங்க" என்றார்.

தாழ்வாரம் சிரிப்பில் அதிர்ந்தது. அண்ணாச்சி, "ஏன் ஆச்சி, என் வேலைக்கே வேட்டு வச்சிட்டீங்களே!" என்றார். "நீரு ஒரு பொம்பளையக் கூட்டியாந்திருந்தா நான் ஏன்வே கொட்டகைக்குப் பின்னால போறேன்?" என்று அத்தை திருப்பிக் கேட்டார். டாக்டரம்மாவும் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் மாறியது. பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "இன்னும் எத்தனை வீட்டுல இப்படி நடந்துச்சோ தெரியலையே" என்று அண்ணாச்சியைப் பார்த்துச் சொன்னார்.

அத்தை பையிலிருந்து சீசாவை எடுத்து நீட்டினார். டாக்டரம்மா அதை வாங்கவில்லை. "பாட்டி, கோவிச்சுக்காதீங்க. நீங்க சொல்றதை நம்பறேன். ஆனா இது யாருதுன்னு நான் எப்படி எழுதறது? நேத்தும் இன்னைக்கும் மட்டும் சாப்பிட்டு எடுத்துட்டு வந்திருக்கலாமே?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் வேலை அது. எந்த இடத்திலும் வாய் ஓயாத அத்தை, சீசாவைத் திரும்பப் பைக்குள் வைத்தார். எனக்காக இத்தனை பேர் முன்னால் தன்னைச் சிரிப்பாக்கிக்கொண்டவர், இப்போது வெறுங்கையோடு திரும்பப் போகிறார். வீட்டில் மகள் என்னைத் தேடிக்கொண்டிருப்பாள்.

முந்தானையை முகத்திலிருந்து எடுத்தேன். "அண்ணாச்சி வரட்டும்" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. "எப்ப வேணும்னாலும் வரட்டும். சொல்லாமலே வரட்டும். நானே என் கையால தாரேன். அதுவரைக்கும் என்னைய ஊசிக்கு மாத்தாதீங்க." டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அவர் என் குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவை. "சரிம்மா" என்றார்.

அண்ணாச்சி வந்தார். மறுநாளே வரவில்லை, நான் எதிர்பார்க்காத ஒரு நாளில், தெருவில் பெண்கள் தண்ணீருக்கு வரிசையில் நிற்கிற நேரம் பார்த்து வந்தார். கால் கொட்டகைப் பக்கம் இழுத்தது. அத்தை வாசலில் உட்கார்ந்திருந்தார், ஆனால் எழுந்து வரவில்லை. நான் போய்ச் சீசாவை வாங்கினேன், கொண்டுவந்து அண்ணாச்சி கையில் கொடுத்தேன். காது இரண்டும் நெருப்பாக எரிந்தது. "சூடா இருக்கா அண்ணாச்சி?" என்று அத்தை ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள், அவர் சைக்கிளையே கீழே போட்டுவிட்டார். அன்றைக்கு நிறம் மாறியதாம். அடுத்த தடவையும் மாறியது. கொஞ்ச நாளில் அண்ணாச்சியோடு ஒரு அம்மாவும் வர ஆரம்பித்தார்கள். மற்ற வீடுகளையும் திரும்பப் போய் விசாரித்ததாகவும், நாத்தனார் கொடுத்தது, பிள்ளை கொடுத்தது என்று ஒன்றிரண்டு அகப்பட்டதாகவும் அந்த அம்மா என்னிடம் சொன்னார்கள். மாத்திரை கொடுத்து முடித்தபோது என் சளியில் கிருமி இல்லை.

அத்தை என்னிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை வருத்தம் சொன்னதில்லை. ஆனால் சங்கரன்கோவில் போய் வந்த மறுநாளிலிருந்து, மருந்து முடிகிற வரைக்கும், நான் மாத்திரை போடும்போது எதிரில் வந்து உட்கார்ந்துகொள்வார். விழுங்கினதும், "ஆ காட்டுட்டி" என்பார். காட்டுவேன். உள்ளே நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து போவார். யாருக்கும் இனிமேல் சந்தேகம் வரக் கூடாது என்பது அவர் எண்ணம்.

இப்போது எனக்கு ரத்தக் கொதிப்பு. ஒரு பெண் வீட்டுக்கே வந்து மாத்திரை தந்துவிட்டுப் போகிறாள். ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று கேட்பாள். முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுகிறேன். இன்னமும் நான் பேச்சுக்காரி இல்லை. கல்யாண வீட்டில் தூணோடு தூணாக நிற்கிறவள்தான். ஆனால் என் உடம்பைப் பற்றி யாராவது கேட்டால், எனக்குப் பதில் இன்னொருவர் சொல்ல நான் விடுவதில்லை. அத்தை போய் எத்தனையோ வருஷமாயிற்று. அதை எனக்குப் பழக்கிவிட்டது அவர்தான்.

அத்தை இருந்தபோதே, எண்பதுகளின் நடுவில் ஒருநாள், அந்த ஆராய்ச்சிக்காரர்கள் மறுபடி வந்தார்கள். மருந்து முடித்தவர்களில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று வீடு வீடாகப் பார்க்கிறார்களாம். வந்தவர்கள் புதுப் பையன்கள், எங்களைத் தெரியாது. என் பெயரைச் சொல்லி, சங்கடப்பட்டுக்கொண்டே, "அவங்க இப்ப உயிரோட இருக்காங்களா பாட்டி?" என்று அத்தையிடம் கேட்டார்கள். நான் புல்லுக்கட்டோடு அப்போதுதான் வாசலுக்கு வந்தேன். "ஏன்யா, இல்லாமயா என்னைய இந்தப் பாடு..." என்று அத்தை சொல்லப் போனார், பாதியில் நிறுத்திக்கொண்டார். "நான் சொன்னா நீங்க எழுதக் கூடாது. அவளையே கேளுங்க" என்று என் பக்கம் கையைக் காட்டினார். நான் கட்டை இறக்கி வைத்தேன். "இருக்கேன்" என்றேன்.