லிப்ட் மெக்கானிக்கின் மகள்

நடிப்பாமே, நடிப்பு! கீழ்வீட்டுக்காரி வாய் கூசாமல் சொல்கிறாள். பதினாறு வயதுப் பெண் உதடு வெளுத்து, விரல் மரத்து, "செத்துடுவேன் பாட்டி" என்று என் கையைப் பிடித்துத் தொங்கியதை அவள் பார்த்தாளா? நான் பார்த்தேன்.

முதல்முறை அது வந்தது பள்ளிக்கூடத்தில், கணக்குப் பரீட்சை நடுவில். நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, பாதியிலேயே எழுந்து ஓடிவந்துவிட்டாள். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, "இதயம் நல்லா இருக்கு. பயம் உடம்பைப் பிடிச்சு ஆட்டுது. உயிருக்கு ஆபத்தில்ல, தானா இறங்கிடும்" என்றார். இவளோ அதற்கப்புறம் வாசலைத் தாண்டவில்லை. ஐந்து வாரம். மறுபரீட்சையையும் விட்டால் அந்த வருஷமே போச்சு.

என் தப்பையும் மறைக்கமாட்டேன். அவளுக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம் இறுக்கிக் கட்டிக்கொண்டு, முகத்தில் தண்ணீர் தெளித்து, "ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்லடி" என்று கத்துவேன். அவளுக்கு இன்னும் அதிகமாகும்.

என் மகன் லிப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். ஒருநாள் என் கையை மெல்ல விலக்கினான்.

"அம்மா, லிப்டுல மாட்டிக்கிட்டவங்ககிட்ட நாங்க 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்லவே மாட்டோம். உள்ள இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும். 'வெளியதான் இருக்கேன், போகமாட்டேன்'னு சொல்லிக்கிட்டே இருப்போம்."

"நல்லா இருக்குடா! பெத்த பொண்ணு உனக்கு மெஷினா?"

"மெஷினா இருந்தா எண்ணெய் விட்டுட்டுப் போயிருப்பேனே."

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் உட்காருவான். மூச்சை நீளமாக வெளியே விடுவான். கொஞ்ச நேரத்தில் அவளும் விடுவாள். தினம் வாசலுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே.

மறுபரீட்சையன்று காலை வீட்டைவிட்டு இறங்கிவிட்டாள். பாதி மாடிப்படியில், கீழ்வீட்டு வாசலுக்கு நேரே, பிடித்துக்கொண்டது. பொத்தென்று உட்கார்ந்தாள். மணி ஒன்பது. ஒன்பதரைக்குப் பரீட்சை. "ஒண்ணுமில்ல" என்று என் வாய்வரை வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். மகன் அவளுக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்தான்.

கீழ்வீட்டுக்காரியின் கதவு திறந்தது. "ஆரம்பிச்சுட்டாளா நாடகத்தை? தூக்கிட்டுப் போய் வண்டியில போடுங்க!"

"நாடகம்னா டிக்கெட் வாங்கிட்டு வா" என்று அவள் கதவை நானே இழுத்துச் சாத்தினேன்.

"அப்பா, திரும்பிப் போயிடலாமா?"

"போகலாம். இது கொஞ்சம் இறங்கட்டும். எந்தப் பக்கம்னு நீயே சொல்லு."

காத்திருந்தோம். நான் மணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது பத்து. அவள் தோள் மெல்லத் தளர்ந்தது.

"இன்னும் இருக்குப்பா."

"இருக்கட்டும்."

"இருக்கும்போதே போலாமா?"

அவன் பதில் சொல்வதற்குள் எழுந்துவிட்டாள். அவனைத் தாண்டி இறங்கினாள். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்தக் கையாலேயே தெருக்கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். என் மகன்தான் பின்னால் ஓடவேண்டியிருந்தது.